எதெல் டர்னர் அம்மையார்

குழந்தைகட்குக் கதை சொல்லாத நாடு உலகத்தில் இல்லை. முதியோர்க்கெனக் காவியமும் நாடகமும் இயற்றாத நாடும் அரிது. ஆயின், குழந்தைப் பருவத்தைக் கடந்து, முதியோர் வரிசையில் இன்னும் இடம் பெறாது, இரண்டிற்கும் நடுவே நிற்கும் இளையோர்க்கென்று நூல் எழுதப் புகுந்தோர் மிகச் சிலரே. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ள அவ்வயதினர்க்குச் சிறுவர் கதை புளித்துப்போகும். முதியோர் நூலோ முற்றும் விளங்குவதில்லை. அறிவுரை கூறுவோர் பலர் இருப்பர். அவர் உள்ளத்தை உள்ளவாறு எடுத்துரைப்போர் அரியர். ஆஸ்திரேலிய நாட்டில் அவ்வரிய பணியை மேற்கொண்டு, ஒரு நூற்றாண்டிற்கு மேலாகியும் படிப்பாரைப் பெற்றிருக்கும் ஒரு நூலை ஆக்கித் தந்தவர் எதெல் டர்னர் அம்மையார். அவர் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிக்கூடத்து இதழொன்றிலே தம் எழுத்து வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஆதலின் கல்லூரி மலரொன்றில் அவர் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமுடைத்து என்று கருதுகின்றோம்.

பிறப்பும் குடிபெயர்வும்

எதெல் மேரி பர்வெல் என்பதே அம்மையாரின் பிள்ளைத் திருநாமம். இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயர் பகுதியில், டான்காஸ்டர் நகரை அடுத்த பால்பி என்னும் ஊரில், 1870-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் அவர் பிறந்தார். வாணிகத்தின் பொருட்டு ஊர்தோறும் சென்றுவந்த தந்தையார், இவர் பேசப் பழகும் பருவத்திலேயே உயிர்துறந்தார். லிலியன் என்னும் மூத்தவளையும் எதெலையும் வைத்துக்கொண்டு தனித்து நின்ற தாயார் சாரா ஜேன், ஆறு மக்களையுடைய ஹென்றி டர்னர் என்பாரை மணந்தார். தந்தை முகம் அறியாத சிறுமியர் இருவரும் அவருடைய குடிப்பெயரையே தமதாக்கிக்கொண்டனர். அம்மணத்தில் ரோஸ் என்றொரு பெண் பிறந்தாள்.

அந்நல்வாழ்வும் நெடிது நிலைக்கவில்லை. 1878-ஆம் ஆண்டில் டர்னரும் இறந்தார். கையிற் பொருள் குறைந்தது. துணையென்று சொல்லத்தக்கார் அருகில் இல்லை. தாயார் துணிவுடைய மாது. தம் மூன்று பெண்களையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, உலகின் மறுகோடியிலுள்ள சிட்னி மாநகரை அடைந்தார். அங்கே 1880-ஆம் ஆண்டின் இறுதி நாளில், அரசாங்க நிலத்துறையில் எழுத்தராக இருந்த சார்லஸ் கோப் என்பாரை மணம் புரிந்தார். ஆகவே, பதினொரு வயது நிரம்புவதற்குள் எதெல் மூன்று தந்தையரையும் இரண்டு கண்டங்களையும் கண்டுவிட்டார். மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்னும் உறவுகள் அவருக்கு ஏட்டிற் படித்த செய்தியாக இருக்கவில்லை. அன்றாடம் உண்டு உடுத்து வாழ்ந்த வாழ்க்கையாகவே இருந்தன. பின்னாளில் அவர் நூலின் நடுவில் நிற்பதும் இத்தகைய கலப்புக் குடும்பமே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பள்ளியும் இதழும்

சிட்னிப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பெண்டிர்க்கு உயர்கல்வி புதிதாக இருந்த அக்காலத்தில், அப்பள்ளியின் முதல் மாணவியர் கூட்டத்திலே டர்னர் சகோதரியரும் இருந்தனர். பள்ளியில் ‘கெஜட்’ என்றோர் இதழ் நடைபெற்றது. அதன் ஆசிரியை லூயீஸ் மாக் என்னும் மாணவி. தம் எழுத்துக்கு அவ்விதழில் இடங்கிடையாமையைக் கண்ட சகோதரியர், மனம் சோர்ந்து மூலையில் உட்காரவில்லை. ‘ஐரிஸ்’ என்னும் பெயரால் போட்டியிதழ் ஒன்றைத் தாமே தொடங்கினர். எதெல் அதன் ஆசிரியையானார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பொய்யன்று. போட்டியிட்ட இருவருமே பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளராயினர் என்பது வியப்பிற்குரிய செய்தி. லூயீஸ் மாக் 1897-ஆம் ஆண்டில் ‘டீன்ஸ்’ என்னும் பெயரால், பள்ளி மாணவியர் வாழ்வைக் கூறும் கதை நூலொன்றை வெளியிட்டார். லிலியனும் பெண்களுக்கென நாவல்கள் பல எழுதினார்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் பெண்ணொருத்தி வீட்டில் இருந்து மணநாளை எதிர்நோக்குவதே அக்கால வழக்கம். சகோதரியரோ 1889-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பார்த்தினன்’ என்னும் மாத இதழைத் தொடங்கினர். அப்போது எதெலுக்கு வயது பத்தொன்பது. அவ்வயதையுடைய நாம் இந்நாளில் ஒரு கட்டுரையை எழுதி முடிக்கவே பன்முறை தயங்குகின்றோம். அவரோ மாதந்தவறாது ஓர் இதழ் முழுவதற்கும் பொறுப்பேற்றார். ஏறக்குறைய மூன்றாண்டு அவ்விதழ் நடைபெற்றது. அதிற் குழந்தைகள் பகுதியை எழுதியவர் எதெல். அவ்விதழ் நின்றபின்னரும் அப்பணி நிற்கவில்லை. ‘இல்லஸ்டிரேட்டட் சிட்னி நியூஸ்’ என்னும் பத்திரிகையிலும், அதன்பின் ‘டவுன் அண்ட் கன்ட்ரி ஜர்னல்’ என்னும் பத்திரிகையிலும், ‘டேம் டர்டன்’ என்ற புனைபெயரோடு குழந்தைகள் பக்கத்தை நடத்தி வந்தார். எழுத்து அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, ஊதியந்தரும் தொழில். இத்தனை மணிக்குள் இத்தனை பக்கம் என்னும் கட்டுப்பாடு அவர் கையைப் பழக்கியது.

நூல் பிறந்த வரலாறு

1891-ஆம் ஆண்டில் அவர் குடும்பம் சிட்னியின் வடபால் உள்ள லின்ட்ஃபீல்டு என்னும் பகுதிக்குக் குடிபுகுந்தது. அந்நாளில் அப்பகுதி பெரும்பாலும் காடு. நகரத்து அரவமும் நண்பர் கூட்டமும் விட்டு வந்த இளநங்கைக்கு அத்தனிமை முதலிற் கசந்திருத்தல் கூடும். ஆயின் எழுதுவார்க்குத் தனிமை பகையன்று. 1893-ஆம் ஆண்டு ஜனவரியில், இருபத்து மூன்றாம் வயது நிறைவெய்திய நாட்களில், அவர் ஒரு புதுக்கதையைத் தொடங்கினார். ஆஸ்திரேலிய நாட்டு வங்கிகள் பல கதவடைத்துப் பொருள்முடை எங்கும் பரவிய ஆண்டு அது. அவ்வாண்டு முடிவதற்குள் கதை முடிந்தது. வார்டு லாக் என்னும் லண்டன் பதிப்பகத்தின் மெல்போர்ன் கிளைத் தலைவர் வில்லியம் ஸ்டீல் அதனைக் கண்டு மகிழ்ந்து, அமெரிக்க நாட்டு லூயிஸா ஆல்காட் அம்மையாருக்கு நிகராக ஒருவர் ஆஸ்திரேலியாவில் தோன்றினார் என்று பாராட்டினார். பதினைந்து பவுனும், விற்கும் படி ஒவ்வொன்றிற்கும் ஒரு சிறு பங்கும் விலையாகப் பேசப்பெற்றன. 1894-ஆம் ஆண்டில் ‘செவன் லிட்டில் ஆஸ்திரேலியன்ஸ்’, அஃதாவது ஏழு சிறு ஆஸ்திரேலியர் என்னும் பெயரோடு நூல் வெளிவந்தது. சில வாரங்களில் முதற்பதிப்பு முழுதும் விற்றுத் தீர்ந்தது.

கதையின் போக்கு

கதை நிகழும் இடம் சிட்னியை அடுத்த பாரமட்டா ஆற்றங்கரை. அங்குள்ள ‘மிஸ்ரூல்’ என்னும் வீட்டில் உல்காட் என்னும் படைத்தலைவர் வாழ்கின்றார். மிஸ்ரூல் என்றால் ஒழுங்கின்மை என்பது பொருள். வீட்டின் பெயரே வீட்டின் நிலையைக் கூறிவிடுகின்றது. அவர்க்கு மக்கள் எழுவர். அறுவர் இறந்துபோன முதல் மனைவியின் மக்கள். ஏழாமவனாகிய ‘ஜெனரல்’ என்னும் கைக்குழந்தையே, இருபது வயதே நிரம்பிய இரண்டாம் மனைவி எஸ்தருக்குப் பிறந்தவன். மெக், பிப், ஜூடி, நெல், பன்டி, பேபி என்னும் மற்றையோர் அறுவருக்கும் எஸ்தர் தாயாகவும் நிற்க இயலாது, தோழியாக மட்டும் அமையவும் இயலாது இடர்ப்படுகின்றாள்.

கதையின் உயிர் பதின்மூன்று வயதுடைய ஜூடி. மெலிந்த உடலும் அடங்காத ஊக்கமும் உடையவள் அவள். ஒருநாள், தான் கவனிக்கவேண்டிய குழந்தையைத் தந்தையாரின் படைவீட்டிலே விட்டுவிட்டுத் தமையனோடு வேடிக்கை பார்க்கச் சென்றுவிடுகின்றாள். வெகுண்ட தந்தை அவளைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றார். உடன்பிறந்தாரைப் பிரிந்திருக்கமாட்டாத அச்சிறுமி, எவருக்கும் தெரியாமல் புறப்பட்டு, 70 மைலுக்கு மேற்பட்ட வழியைப் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்து வந்து, வீட்டின் புறத்தே உள்ள கொட்டிலின் பரணில் ஒளிந்துகொள்கின்றாள். தந்தை கண்டுபிடித்தபோது அவள் நுரையீரல் நோயுற்றிருக்கின்றாள். கடுமை தளர்கின்றது. உடல் தேறும்பொருட்டு எல்லோரும் எஸ்தரின் பெற்றோர்க்குரிய யாரஹப்பினி என்னும் மேய்ச்சற் பண்ணைக்குச் செல்கின்றனர். அங்கே ஒருநாள் காட்டில் உணவருந்தி விளையாடும் வேளையில், பட்டுப்போன பெருமரமொன்று சாய்கின்றது. அதன் நிழலில் ஜெனரல் நிற்கின்றான். ஒரு காலத்தில் எவனை விட்டுச்சென்றமையாற் தண்டனையுற்றாளோ, அவனைக் காக்கவே ஜூடி ஓடுகின்றாள். குழந்தை பிழைக்கின்றான், ஜூடி இறக்கின்றாள்.

நூலின் சிறப்பு

இந்நூல் எழுந்த காலத்தில் சிறுவர் கதை என்றால், நல்ல பிள்ளை நன்மை பெறுவதும் தீய பிள்ளை திருந்துவதுமே மரபு. அம்மையார் நூலின் வாயிலிலேயே படிப்போரை விளித்து, முன்மாதிரியான நற்குழந்தைகளை இங்கே எதிர்பாராதீர் என்று எச்சரித்துவிடுகின்றார். அவர் படைத்த மக்கள் பொய் சொல்வர், பங்கிற்குச் சண்டையிடுவர், தந்தைக்கு அஞ்சுவர், ஆயினும் அவரை ஏமாற்றத் தயங்கார். பதினாறு வயதுடைய மெக், அழகி எனப் பெயர்பெற வேண்டி இடையை இறுகக் கட்டிக்கொண்டு மயங்கி விழுகின்றாள். இவ்வளவும் அவ்வயதினர் வாழ்வில் உள்ளனவே. ஏட்டில்தான் அதுவரை அரியனவாக இருந்தன.

மற்றொரு சிறப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவைப் பற்றி அதுவரை வந்த சிறுவர் நூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து நாட்டுச் சிறுவர்க்கு ஒரு தூரதேசத்தை வேடிக்கை காட்டுவனவாக இருந்தன: காட்டுத்தீ, கொள்ளையர், பொன்வேட்டை என்பனவே பொருள். அம்மையார் நூலிலோ சிட்னிப் புறநகரத்து இல்லம் ஒன்று, அங்குள்ளார்க்கு அது இயல்பான வீடு என்னும் முறையிலேயே வருகின்றது. ஆறு மாநிலங்களும் ஒன்றுகூடிப் பொதுவரசாக அமைந்தது 1901-ஆம் ஆண்டில். அதற்கு ஏழாண்டு முன்னரே, தம் நூலின் முகப்பில் ஆஸ்திரேலியர் என்னும் பெயரைச் சிறுவர்க்குச் சூட்டிவிட்டார் இவர். தாம் இங்கிலாந்தில் பிறந்தவராயினும், தாம் வளர்ந்த நாட்டையே தம் நாடாகக் கொண்டார்.

ஜூடியின் முடிவைப் பற்றி அறிஞர் பலபடக் கூறுவர். அடங்காத பெண்ணை ஆசிரியர் இறுதியில் தண்டித்தனர் என்பது ஒரு சாரார் கருத்து. நாம் அதனை முழுதும் உடன்படுகின்றிலோம். அவள் மேல் விழுந்தது எத்தகைய மரம் என்று நோக்கவேண்டும். மேய்ச்சல் நிலம் வேண்டிக் குடியேறினோர், காட்டு மரங்களின் அடிப்பட்டையை வளையமாகச் செதுக்கிவிடுவர். சாறு மேலேறாது மரம் நின்றபடியே உலர்ந்து, ஆண்டுகள் பல கழித்துத் தானே சாயும். அவ்வாறு பட்டை உரித்துச் சாகவிட்ட மரமே ஜூடியின் மேல் விழுந்தது. பெரியோர் என்றோ செய்த செயலின் பயன் ஒரு குழந்தையின் மேல் வந்து விழுந்தது என்று கொள்ளுதலும் பொருந்தும். ஆசிரியர் அதனை விளக்கவில்லை. மரத்தின் இயல்பைச் சொல்லி அப்பாற் செல்கின்றார்.

நீக்கப்பட்ட பகுதி

இந்நூலின் வரலாற்றில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. பண்ணையில் டெட்டவாங்கா என்னும் தொல்குடி முதியவர் ஒருவர் இருக்கின்றார். வெள்ளையர் அடி அந்நிலத்திற் படாத காலத்து வழங்கிய கதையொன்றை அவரிடம் கேட்டறிந்த ஒருவர், காட்டு விருந்தின்போது குழந்தைகட்குச் சொல்வதாக முதற்பதிப்பில் ஒரு பகுதி இருந்தது. அந்நிலம் முன்னர் யாருக்கு உரியதாக இருந்தது என்பதை நூல் முழுதிலும் நினைப்பூட்டிய இடம் அதுவே எனலாம். 1900-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஆஸ்திரேலியச் சிறுவர் அக்கதை இல்லாத நூலையே முழுநூல் என எண்ணிப் படித்துவந்தனர். நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலேதான் அப்பகுதி தன் இடத்தை மீண்டும் பெற்றது. சில பக்கங்களை எடுத்துவிட்டாற் கதையோட்டம் கெடுவதில்லை. ஆயின் ஒரு மக்களின் நினைவு கெடுகின்றது. ஏட்டுச்சுவடிகளில் சிதைந்த ஓரடிக்காக ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியரை அறிந்த தமிழ் மாணாக்கராகிய நமக்கு, இவ்விழப்பின் அளவு நன்கு விளங்கும்.

இல்வாழ்வும் பிற்காலமும்

நூல் வெற்றி பெற்றதும் பதிப்பாளர் அதன் தொடர்ச்சியை வேண்டினர். ‘மிஸ்ரூல் குடும்பம்’ 1895-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘சிறு லாரிகின்’, ‘மிஸ் பாபி’ முதலியன அடுத்தடுத்து வந்தன. 1900-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூன்று சிறு நங்கையர்’ அவர்தம் இளமை வரலாற்றையே அடிப்படையாகக் கொண்டது. நாவல், சிறுகதை, செய்யுள் ஆக அவர் எழுதியவை ஏறக்குறைய 40 நூல்கள்.

1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஹெர்பர்ட் கர்லூயிஸ் என்னும் வழக்கறிஞரை மணந்தார். கணவர் பின்னர் 1917-ஆம் ஆண்டில் மாவட்ட நீதிபதியாயினார். இவர்களுக்கு ஜீன் என்னும் மகளும் ஏட்ரியன் என்னும் மகனும் பிறந்தனர். இல்லறமும் எழுத்தும் ஒன்றையொன்று தடுக்கும் என்பார்க்கு இவர் வாழ்வே விடையாக நின்றது. முதல் உலகப்போர்க் காலத்தில், போருக்குச் செல்லும் இளைஞன் ஒருவனைப் பற்றி ‘தி கப்’ முதலாக மூன்று நூல்கள் எழுதினார். 1921-ஆம் ஆண்டு முதல் ‘சண்டே சன்’ பத்திரிகையின் ‘சன்பீம்ஸ்’ என்னும் சிறுவர் பகுதிக்குத் தலைமை பூண்டார். மகள் ஜீனும் தாயின் வழியிற் சென்று, அதே 1921-ஆம் ஆண்டில் இளையோர்க்கான தம் முதல் நாவலை வெளியிட்டார்.

1928-ஆம் ஆண்டில் அம்மையார் ‘ஜூடி அண்ட் பஞ்ச்’ என்னும் நூலை எழுதினார். விடுதிப் பள்ளியில் ஜூடி கழித்த நாட்களைக் கூறுவது அது. முப்பத்து நான்கு ஆண்டிற்குப் பின்னர், தாமே சாகவிட்ட சிறுமியை ஒரு முறை உயிரோடு காண விழைந்தார் போலும்! இரண்டாண்டு கழிந்தது. 1930-ஆம் ஆண்டில் ஜீன் எலும்புருக்கி நோயால், முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அதன்பின் அம்மையாரிடமிருந்து புதுநூல் வரவில்லை. கற்பனையில் ஒரு பெண்ணின் சாவை எழுதிப் பல்லாயிரவரைக் கண்ணீர் சிந்தச் செய்த கை, தன் பெண்ணின் சாவிற்குப்பின் ஓய்ந்துவிட்டது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, படையிற் சேர்ந்திருந்த மகன் ஏட்ரியன் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். அதே ஆண்டில் கணவரும் காலமானார். எழுபத்திரண்டு வயதில் கணவரை இழந்து, மகனை எதிர்நோக்கி அம்மூதாட்டி காத்திருந்தார். பர்மா ரயில் பாதையின் கொடுமைகளையும் கடந்து மகன் 1945-ஆம் ஆண்டில் உயிருடன் மீண்டார். பின்னர்த் தந்தையைப்போல் நீதிபதியும் ஆனார். இவ்வளவிற்கும் இடையே அம்மையார் விடாது செய்துவந்தது நாட்குறிப்பு எழுதுதல். 1889-ஆம் ஆண்டு முதல் அறுபது ஆண்டுக்கு மேல் அது நடைபெற்றது. அவர் பேர்த்தி அதிலிருந்து தொகுத்த நூல் 1979-ஆம் ஆண்டில் அச்சேறியது.

1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் அம்மையார் சிட்னியில் இறைவனடி சேர்ந்தார். ‘பில்லபாங்’ என்னும் பண்ணைக் கதைகளால் இவரைப்போற் புகழ்பெற்ற மேரி கிராண்ட் புரூஸ் அம்மையாரும் அதே ஆண்டில் மறைந்தார். முன்னவர் இங்கிலாந்திற் பிறந்து ஆஸ்திரேலியாவில் மறைந்தவர்; பின்னவர் ஆஸ்திரேலியாவிற் பிறந்து இங்கிலாந்தில் மறைந்தவர்.

விட்டுச்சென்ற செல்வம்

இவர் உழுத நிலத்தில் பின்வந்தோர் நன்கு விளைவித்தனர். ஐவன் சதால் என்பார் 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜாஷ்’ என்னும் இளையோர் நாவலுக்குப் பிரிட்டனின் கார்னகிப் பதக்கம் பெற்றார். பட்ரீஷியா ரைட்சன் அம்மையார் 1986-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஆண்டர்சன் பதக்கம் பெற்றார். நியூ சவுத் வேல்ஸ் மாநில இலக்கியப் பரிசுகளில், இளையோர் நூலுக்குரிய பரிசு எதெல் டர்னர் பெயராலேயே வழங்குகின்றது. ஏழு சிறு ஆஸ்திரேலியர் கதையோ அச்சில் இல்லாத காலம் இல்லாமல் நூறாண்டைக் கடந்தது. நாடகமும் திரைப்படமும் ஆயிற்று. 1973-ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இவர் வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? தம்முடைய எழுத்தை ஏற்காத இதழைக் கண்டு வேறோர் இதழைத் தொடங்கிய மாணவி, தம்மையொத்த வயதினரை நோக்கி, அவர் பேசுவதுபோலவே பேசி, அவர் வாழும் தெருவையும் வீட்டையுமே பொருளாகக் கொண்டு எழுதினார். தொலைநாட்டுப் பெருமையை அவர் கடன் வாங்கவில்லை. நம் தமிழிலும் சிறுவர்க்குப் பாடல்கள் உள. முதியோர்க்குப் பெருங்காப்பியங்கள் உள. நடுநின்ற பருவத்தார்க்கு, அவர் குறும்பையும் துயரையும் மறையாது காட்டும் நூல்கள் இன்னும் மிகுதியாக வேண்டும். அவற்றை எழுதத்தக்கார் அப்பருவத்தை அண்மையிற் கடந்து வந்த நாமேயன்றிப் பிறர் யாவர்? அவ்வாறு எழுதப்புகும் நாளில், நற்குழந்தைகளை மட்டும் படைத்து மனநிறைவு கொள்ளாதிருப்போமாக. அந்நிலத்தில் நமக்குமுன் வாழ்ந்தார் கதையையும் நூலினின்றும் நீக்காதிருப்போமாக.